சென்னை கேம்பஸ் லஞ்ச விவகாரம்: கான்ட்ராக்டர் பில்லுக்குள் மறைந்த பணம்... கம்பெனிகளின் ஊழல் தடுப்பு விதிகள் சொல்வது என்ன? | முழு விளக்கம்

பெரிய கம்பெனி லஞ்சம் கொடுத்தது என்று செய்தி வந்தால், நம் கண் முன் வருவது பணக்கட்டு நிரம்பிய சூட்கேஸ்தான். சினிமா அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் உண்மையில் சிக்கிய பல வழக்குகளில் சூட்கேஸ் இல்லை. இருந்தது ஒரு பில். கான்ட்ராக்டரோ, ஏஜென்ட்டோ, சப்ளையரோ கொடுத்த, கையெழுத்தும் சீலும் சரியாக இருந்த பில்.

அதனால்தான் இன்று எந்தப் பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்யப் போனாலும், முதல் ஆர்டருக்கு முன்னாடியே 'ஊழல் தடுப்புக் கொள்கையில் கையெழுத்து போடுங்க' என்று பல பக்கப் படிவத்தை நீட்டுகிறார்கள். பலரும் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். அந்தக் காகிதம் எதற்கு? அதில் மாட்டிக்கொள்வது யார்? சென்னையில் நடந்த ஒரு விவகாரத்தில் இருந்தே பார்க்கலாம்.

சென்னையில் என்ன நடந்தது?

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஐ.டி. நிறுவனம் காக்னிசன்ட். 1994-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்துக்கு சென்னை முக்கியமான மையம். இங்கே சுமார் 27 லட்சம் சதுர அடியில் ஒரு பெரிய கேம்பஸ் கட்டப்பட்டது. கட்டும் வேலை வெளி கான்ட்ராக்ட் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருந்தது.

2014-ல் கட்டுமானத் திட்ட அனுமதிக்காக தமிழ்நாடு அரசின் மூத்த அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் லஞ்சம் கேட்டார் என்பது, அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.இ.சி. சொன்ன குற்றச்சாட்டு. அன்றைய மதிப்பில் சுமார் 12 கோடி ரூபாய். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், கேட்டது காக்னிசன்ட்டிடம் நேரடியாக அல்ல, கான்ட்ராக்டரிடம்.

கான்ட்ராக்டர் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்று காக்னிசன்ட்டின் உயர் நிர்வாகிகள் 2 பேர் ஒப்புதல் கொடுத்தார்கள், பிறகு கான்ட்ராக்டருக்கு அதை ஈடுகட்டினார்கள் என்று எஸ்.இ.சி. கூறியது. இது தவிர சென்னை சிறுசேரி, புனே திட்டங்களிலும் மொத்தம் 16 லட்சம் டாலருக்கு மேல் முறைகேடான பணம் போனதாகவும் சொன்னது.

பில்லில் மறைத்தது எப்படி?

வீடு கட்டிய யாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பேசிய தொகை ஒன்று, கடைசியில் வரும் பில் வேறு. கேட்டால் 'அது எக்ஸ்ட்ரா வேலை சார்' என்பார் மேஸ்திரி. பெரிய கட்டுமானத்தில் இதற்கு 'சேஞ்ச் ஆர்டர்' என்று பெயர். ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலைக்கு, தனியாக ஒப்புதல் வாங்கித் தனியாகப் பணம் கேட்பது.

இது முழுக்க சட்டப்பூர்வமான நடைமுறை. ஆனால் பணத்தை ஒளிக்க வசதியான இடமும் இதுதான். ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள கட்டுமானக் கணக்கில், நடக்காத வேலைக்கு நாலு வரி சேர்த்தால் யாருக்குத் தெரியும்? காக்னிசன்ட் விவகாரத்திலும் பொய்யான சேஞ்ச் ஆர்டர்கள் மூலம்தான் கான்ட்ராக்டருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது என்கிறது எஸ்.இ.சி.

அதாவது, கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் 'லஞ்சம்' என்று ஒரு எழுத்துகூட இருக்காது. 'கட்டுமானச் செலவு' என்றுதான் இருக்கும்.

தண்டனை கிடைத்ததா?

2016 செப்டம்பரில், இந்தியாவில் சில கட்டணங்கள் முறையாகக் கொடுக்கப்பட்டதா என்று உள்விசாரணை நடப்பதாக காக்னிசன்ட் தானாகவே வெளியே சொன்னது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கம்பெனித் தலைவர் அதற்கு முன்பே பதவி விலகிவிட்டார்.

2019 பிப்ரவரியில் விவகாரத்தை முடிக்க காக்னிசன்ட் 2.5 கோடி டாலர் கட்டியது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தானே முன்வந்து சொன்னது, விசாரணைக்கு ஒத்துழைத்தது ஆகிய காரணங்களால், நிறுவனத்தின் மீது கிரிமினல் வழக்கு போடுவதில்லை என்று அமெரிக்க நீதித்துறை முடிவு செய்தது.

முன்னாள் நிர்வாகிகள் 2 பேர் மீது மட்டும் கிரிமினல் வழக்கு போடப்பட்டது. அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். 2025 பிப்ரவரியில், வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டத்தின் நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். அதன் பிறகு ஏப்ரலில், நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே, அரசுத் தரப்பே அந்த வழக்கைக் கைவிட்டது. எனவே அந்த 2 பேர் மீதான குற்றம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. தமிழ்நாடு லஞ்ச ஒழிப்புத் துறையும் இந்த விவகாரத்தில் தனியாக வழக்குப் பதிவு செய்தது.

தனிநபர் வழக்கு நிற்கவில்லை. ஆனால் நிறுவனம் கட்டிய பணமும் விழுந்த பங்கு விலையும் திரும்பி வரப்போவதில்லை. கொடுத்ததாகச் சொல்லப்பட்ட லஞ்சத்தைப் போல பல மடங்கு அது.

ஏன் சப்ளையர் வழியாகவே நடக்கிறது?

இது சென்னைக்கு மட்டும் உரிய கதை இல்லை. பல நாடுகளில் முடிவுக்கு வந்த 427 வெளிநாட்டு லஞ்ச வழக்குகளை ஓ.இ.சி.டி. அமைப்பு 2014-ல் ஆராய்ந்தது. அதில் 4-ல் 3 வழக்குகளில் பணம் இடைத்தரகர் வழியாகவே போயிருந்தது.

விமான நிறுவனமான ஏர்பஸ் விவகாரம் இன்னொரு உதாரணம். இலங்கை, மலேசியா உட்பட 5 நாடுகளோடு தொடர்புடைய லஞ்சப் புகாரில் பிரிட்டன் விசாரித்தது. பிரான்ஸும் அமெரிக்காவும் தனியாக விசாரித்தன. கடைசியில் 2020 ஜனவரியில் 3 நாடுகளுக்கும் சேர்த்து சுமார் 360 கோடி யூரோ கட்ட ஏர்பஸ் ஒப்புக்கொண்டது. இலங்கை தொடர்பான பகுதியில், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நிர்வாகி ஒருவரின் மனைவியுடைய நிறுவனமே ஏர்பஸ்ஸின் 'பிசினஸ் பார்ட்னராக' காட்டப்பட்டிருந்தது என்பதை பிரிட்டன் விசாரணை வெளியே கொண்டுவந்தது.

காரணம் எளிமையானது. தன் கையால் கொடுத்தால் தன் பெயர் கெடும். அடுத்தவர் கையால் கொடுத்தால் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லிக்கொள்ளலாம். 'எப்படியாவது முடிச்சுக் கொடுங்க, எப்படின்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம்' என்ற ஒரு வாக்கியம் போதும். இந்த வசதியைத்தான் இப்போதைய சட்டங்கள் குறிவைக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கா: 1977-ல் வந்த வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, வேறு நாட்டு அதிகாரிக்கு நேரடியாகவோ ஏஜென்ட் மூலமாகவோ லஞ்சம் கொடுத்தால் குற்றம். கணக்குப் புத்தகத்தைத் தவறாக எழுதுவதும் தனிக் குற்றம். 2025-ல் நிறுத்தி வைக்கப்பட்ட நடவடிக்கைகள், அதே ஆண்டு ஜூனில் புதிய வழிகாட்டுதலோடு மீண்டும் தொடங்கின. சட்டம் ரத்தாகவில்லை.

பிரிட்டன்: 2010-ல் நிறைவேறி 2011 ஜூலையில் அமலுக்கு வந்த லஞ்சச் சட்டம். லஞ்சத்தைத் 'தடுக்கத் தவறியது' என்பதே இங்கே கம்பெனிக்குக் குற்றம். தப்பிக்க ஒரே வழி, போதுமான தடுப்பு நடைமுறைகள் தன்னிடம் இருந்தன என்று நிரூபிப்பது.

இந்தியா: 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018 ஜூலையில் பெரிய திருத்தத்துக்கு உள்ளானது. லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் நேரடிக் குற்றம் ஆனது. 7 ஆண்டுகள் வரை சிறை. கம்பெனிக்காக அதன் 'தொடர்புடைய நபர்' லஞ்சம் கொடுத்தால் கம்பெனிக்கும் அபராதம் உண்டு. ஊழியர், ஏஜென்ட், துணை நிறுவனம் என கம்பெனி சார்பில் வேலை செய்கிற யாரும் இந்த வட்டத்துக்குள் வரலாம். இயக்குநரோ அதிகாரியோ சம்மதித்து நடந்தது என்று நிரூபணமானால் அவருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

இந்தியச் சட்டத்திலும் கம்பெனிக்கு ஒரு தற்காப்பு உண்டு. 'தடுக்கப் போதுமான நடைமுறைகளை வைத்திருந்தோம்' என்று காட்ட முடிந்தால் பொறுப்பில் இருந்து விடுபடலாம். சப்ளையரிடம் கையெழுத்து வாங்கும் அந்தப் படிவத்துக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? அது நல்லொழுக்கப் பாடம் மட்டும் இல்லை. நாளைக்கு வழக்கு வந்தால் கம்பெனி நீட்டப்போகும் ஆதாரமும் அதுதான்.

ஊழல் தடுப்புக் கொள்கைக்குள் என்ன இருக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் வார்த்தை மாறும். அடிப்படை விஷயங்கள் ஒன்றுதான்.

* லஞ்சம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. அடுத்தவர் மூலமாகவும் கூடாது.

* 'ஃபைல் நகர' கொடுக்கும் சின்னத் தொகைக்கும் தடை. அமெரிக்கச் சட்டத்தில் வழக்கமான அரசு வேலையை வேகப்படுத்தும் தொகைக்கு ஒரு குறுகிய விலக்கு உண்டு. இந்தியச் சட்டத்திலும் பிரிட்டன் சட்டத்திலும் அந்த விலக்கு கிடையாது. 'டீ செலவுக்கு' என்றாலும் லஞ்சம் லஞ்சம்தான்.

* பரிசு, விருந்து, பயணச் செலவுக்கு வரம்பு. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் பிரச்சினை இல்லை, ஸ்வீட் பாக்ஸுக்குள் தங்கக் காசு இருந்தால் பிரச்சினை.

* சொந்தக்காரர் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பவர், அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும்.

* நன்கொடை, கோயில் திருவிழா ஸ்பான்சர் போன்றவை அதிகாரியைத் திருப்திப்படுத்தும் வழியாக மாறக் கூடாது.

* தப்பைச் சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு இப்படிப் புகார் சொல்லும் ஏற்பாடு கட்டாயம் என்கிறது 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம்.

இந்த நடைமுறைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 37001 என்ற சர்வதேசத் தரமும் 2016-ல் வந்தது. ஆனால் சான்றிதழை ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினால் மட்டும் போதாது. காக்னிசன்ட் விவகாரத்தில் ஒப்புதல் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர், கம்பெனியின் தலைமைச் சட்ட அதிகாரி. விதியைக் காக்க வேண்டிய நாற்காலி அது.

சப்ளையரை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

ஆர்டருக்கு முன்: பான், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே பெயரில் இருக்கிறதா? உண்மையான உரிமையாளர் யார்? அவருக்கு அரசு அதிகாரியோடு உறவு உண்டா? இந்த வேலையைச் செய்ய ஆளும் அனுபவமும் அவரிடம் இருக்கிறதா? 'உரிமையாளர் யார்' என்ற ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால், இலங்கை விவகாரத்தின் முடிச்சு அங்கேயே அவிழ்ந்திருக்கும்.

ஆர்டர் நடக்கும்போது: பில்லில் உள்ள வேலை நிஜமாக நடந்ததா என்று, பில்லுக்கு ஒப்புதல் கொடுப்பவர் அல்லாத இன்னொருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே ஆளே சப்ளையரைத் தேர்வு செய்து, வேலையைச் சரிபார்த்து, பணமும் விடுவிக்கக் கூடாது.

சந்தேகம் வந்தால்: ஒப்பந்தத்தில் உள்ள தணிக்கை உரிமையைப் பயன்படுத்தி சப்ளையரின் கணக்கைப் பார்க்கலாம், பணத்தை நிறுத்தலாம், உறவையே முறிக்கலாம்.

எல்லா சப்ளையருக்கும் ஒரே அளவு சோதனை தேவையில்லை. கேன்டீனுக்குக் காய்கறி போடுபவரையும், அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்கித் தரும் 'லைசனிங்' ஏஜென்ட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதிகாரிகளோடு பழகும் இடத்தில் இருப்பவரைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இவை எச்சரிக்கை மணி

* 'இவரைத்தான் வெண்டரா போடணும்' என்று அதிகாரியே ஒருவரைக் கைகாட்டுவது.

* என்ன வேலை என்று தெளிவாக எழுதாமல் 'ஆலோசனைக் கட்டணம்', 'இதர செலவு' என்று வரும் பில்.

* வேலையின் அளவுக்குப் பொருந்தாத பெரிய கமிஷன்.

* பணத்தை ரொக்கமாகவோ, வேறு பெயரில் உள்ள கணக்குக்கோ கேட்பது.

* மாதக்கணக்கில் நகராத அனுமதி, புது ஏஜென்ட் வந்த வாரமே கிடைப்பது.

* வேலை முடிந்த பிறகு தேதி போட்டு வரும் 'எக்ஸ்ட்ரா வேலை' பட்டியல்.

நீங்கள் சின்ன சப்ளையர் என்றால்?

திருப்பூரில் துணி தைத்துக் கொடுப்பவரோ, ஓசூரில் உதிரிபாகம் செய்பவரோ, ஸ்ரீபெரும்புதூரில் ஆட்களை அனுப்பும் கான்ட்ராக்டரோ, இந்தக் கொள்கைப் படிவம் எல்லோருடைய மேஜைக்கும் வருகிறது. கையெழுத்துப் போடும் முன் 4 விஷயங்களைப் பார்ப்பது நல்லது.

முதலாவது, தணிக்கை உரிமை. எந்தக் கணக்கை, எவ்வளவு காலத்துக்குப் பார்க்கலாம் என்று தெளிவாக இருக்கிறதா?

இரண்டாவது, உங்களிடம் வேலை வாங்கும் துணைக் கான்ட்ராக்டர் செய்த தப்புக்கும் நீங்கள்தான் பொறுப்பா? பெரும்பாலான படிவங்களில் ஆமாம் என்றுதான் இருக்கும். அப்படியென்றால் அவரிடமும் நீங்கள் எழுதி வாங்க வேண்டும்.

மூன்றாவது, விதியை மீறினால் நடந்து முடிந்த வேலைக்கான பணத்தையும் நிறுத்தலாம் என்று இருக்கிறதா?

நான்காவது, அந்தக் கம்பெனி ஆளே உங்களிடம் 'கட்டிங்' கேட்டால் யாரிடம் புகார் சொல்வது? அந்த எண்ணையோ மெயில் முகவரியையோ அதே நாளில் குறித்து வையுங்கள். தனியார் கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர் வாங்கும் கமிஷனுக்கு, அரசு ஊழியர்களைப் பற்றிய ஊழல் தடுப்புச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அதனால் கம்பெனியின் புகார் வழிதான் உங்களுக்கு முதல் கதவு.

பொறுப்பு இரண்டு பக்கமும் உண்டு

இங்கே பேசப்படாத பாதியும் ஒன்று உண்டு. கம்பெனி சப்ளையரிடம் நேர்மையை எழுதி வாங்குகிறது. ஆனால் தன் பக்கம் என்ன செய்கிறது?

அனுமதி கிடைக்க 3 மாதம் ஆகும் என்று தெரிந்தும் 3 வாரத்தில் முடிக்கச் சொன்னால், தாமதத்துக்கு அபராதமும் போட்டால், கான்ட்ராக்டரை எந்தப் பக்கம் தள்ளுகிறோம்? பில்லை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், அதை நகர்த்த அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் யாரையாவது 'கவனிக்க' வேண்டிய நிலை வராதா?

இதில் சட்டம் சின்ன நிறுவனங்களின் பக்கம் இருக்கிறது. உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாட்கள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். மத்திய அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். காலத்தில் கொடுக்காத பணத்தை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெறவும் கம்பெனிக்கு இப்போது முடியாது.

லஞ்சம் கேட்டால் என்ன செய்வது?

அனுமதிக்காகப் போன இடத்தில் அதிகாரி பணம் கேட்டால், கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்வதுதான் பாதுகாப்பான வழி. அவர்கள் சொல்லி, அவர்களுக்கு உதவுவதற்காகக் கொடுக்கும் பணம் குற்றமாகாது.

வேறு வழியில்லாமல், கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டீர்களா? 7 நாட்களுக்குள் போலீஸுக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் சட்டம் உங்களைப் பாதுகாக்கும். 8-வது நாள் அந்தப் பாதுகாப்பு இல்லை. கேட்டவர் யார், எந்தத் தேதி, எந்த ஃபைல், எவ்வளவு தொகை என்பதை அன்றைக்கே எழுதி வைப்பது முக்கியம்.

பெரிய கம்பெனிக்காக அனுமதி வாங்கப் போனவர் என்றால், அந்தக் கம்பெனிக்கும் அதே நாளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போனில் சொன்னால் போதாது. 'நீங்க பார்த்து முடிங்க, பில்லுல சேர்த்துக்கலாம்' என்று அங்கிருந்து பதில் வந்தால், அதுதான் நிறுத்த வேண்டிய இடம். ஏனென்றால் பில் போகப் போவது சப்ளையர் பெயரில். நாளைக்கு விசாரணை வந்தால், அந்தப் போன் பேச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது. பில்லில் உள்ள கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கும்.